கழித்து எழுதிய மழை

வியாழன், காலை 5.55.

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயில் சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது. சொன்ன நேரத்துக்கு நடக்கும் எதையும் நான் உடனே நம்புவதில்லை. இரண்டாம் வகுப்பு முன்பதிவு, ஆளுக்கு 2,000 ரூபா. பயணச்சீட்டில் இருந்த இருக்கை எண்ணையும் இருக்கையில் ஒட்டியிருந்த எண்ணையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பையை மேலே வைத்தேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். கூட்டங்களில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் சிங்களத்தில் சொல்வதை மற்றவருக்குத் தமிழிலும், தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்லும் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்தத் தொழிலில் கிடந்தால் ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். யார் எதைச் சொன்னாலும், இவர் இதை ஏன் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். தேத்தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று என் கணவர் சொன்னால்கூட, என்ன வேண்டும் என்று கேட்பேன்.

இந்தப் பயணத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ருவன். முப்பத்திரண்டு வயது, பொருளியல் படித்தவர், கொழும்பில் காலநிலை நிதிக்கென அமைத்திருக்கும் ஓர் அரசாங்கப் பிரிவில் உத்தியோகம். நாங்கள் பேசியது சிங்களத்தில். அதை இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன்.

கம்பஹா கடப்பதற்குள் ருவன் தன் பிரிவின் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். வெளிநாட்டு நிதியம் ஒன்று நம்மைப் போன்ற நாடுகளுக்குக் காலநிலைப் பணம் தருகிறது. இதுவரை அந்தப் பணம் வெளிநாட்டு முகவர் நிறுவனங்களின் கை வழியாகத்தான் வந்தது. இனி உங்கள் நாட்டு நிறுவனத்துக்கே நேரே தருகிறோம், ஆனால் உங்களுக்கு இதைக் கையாளத் தெரியும் என்று முதலில் காட்டுங்கள் என்கிறார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டத் தெரிந்தெடுத்திருப்பது பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மண்சரிவு எச்சரிக்கைத் திட்டம். நாங்கள் போவது முன்கூட்டியே எல்லாவற்றையும் பார்த்து வைக்க.

"பார்க்கவா, பூசி மெழுகவா?" என்று கேட்டேன்.

ருவன் சிரித்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மாலை 4.40.

பதுளை, ரயில் பாதையின் கடைசி நிலையம். கோட்டையிலிருந்து இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். நாற்பது நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. பதுளை இருக்கும் ஊவா மலைப்பக்கத்தில் இந்த மாதங்களில் காலை வெயிலைப் பார்த்து உடுப்புக் காயப்போடக் கூடாது. மத்தியானம் திரும்பியதும் மலை கறுத்துவிடும். எங்களை ஏற்ற வரவேண்டிய அலுவலக ஜீப் வேறோர் அவசர வேலைக்குப் போயிருப்பதாக ருவனின் போனுக்குச் செய்தி வந்திருந்தது. பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு லொட்ஜில் தங்கினோம். அறை 4,500 ரூபா. சுடுநீர் உண்டு என்றார்கள், குழாயில் கை வைத்துப் பார்த்தேன், இல்லை.

வெள்ளி, காலை 8.30.

மாவட்டத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம் மாவட்டச் செயலகமான கச்சேரியின் மாடியில் இருந்தது. அதன் பொறுப்பாளர் நல்ல மரியாதையானவர். இஞ்சி போட்ட தேத்தண்ணீர் வந்தது. சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. தோட்டத்து மழைமானியின் தினசரி எண்கள்.

திட்டத்தின் விதி எளிமையானது. ஒரு நாளில் எழுபத்தைந்து மில்லிமீற்றர் பெய்தால் மூட்டை முடிச்சோடு தயாராக இருக்க வேண்டும். நூறு பெய்தால் சரிவின் கீழே இருக்கிற பதினாறு குடும்பங்களும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டுப் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். மழையை அளந்து எழுதுவது அதே லயத்தில் இருக்கும் ஒரு பெண். அவர் எழுதிய எண்ணைத் தொலைபேசியில் இந்த அலுவலகத்துக்குச் சொல்கிறார். இங்கிருந்து அது கொழும்புக்குப் போகிறது.

"ஒருநாளும் நூறைத் தொடவில்லை. ஆகக் கூடியது எண்பத்திரண்டு, போன மாதம். வெளியேற்றம் தேவைப்படவே இல்லை" என்றார் பொறுப்பாளர்.

"அப்படியென்றால் முறை வேலை செய்கிறது" என்றார் ருவன்.

ஒன்றுமே நடக்காததை வைத்து ஒரு முறை வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அட்டவணையை இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு நாள்கூட வெறுமையாக இல்லை. ஞாயிறும் எண், பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் எண், தீபாவளிக்கும் எண். தீபாவளியன்று எந்தப் பெண் பலகாரம் சுடும் சட்டியை இறக்கிவிட்டு மழைமானி பார்க்கப் போவாள்? அந்தப் பெண் வீட்டுக்குள் இருந்தபடியே வாய்க்கு வந்ததை எழுதுகிறாள் என்று நான் அப்போதே தீர்மானித்துவிட்டேன். என் தீர்மானங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் என் கெட்ட குணத்துக்கு உரம்.

காலை 9.45.

ஜீப் அன்றும் வரவில்லை. பசறை பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், ஆளுக்கு 110 ரூபா, ஒரு மணி நேரம். வளைவுக்கு வளைவு பஸ் ஒரு பக்கம் சரிய, நிற்கிறவர்கள் எல்லாரும் பழக்கப்பட்டவர்களாகக் கதையை நிறுத்தாமல் கையை மட்டும் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் மண் இறங்கி, பாதி வீதியை மூடிக் கிடந்தது. சுற்றிவரச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

பசறையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீற்றர். ஓட்டுநர் 1,200 கேட்டார், ஆயிரத்துக்குப் பேசி முடித்தேன். அவர் உடனே ஒத்துக்கொண்டதால் எண்ணூறுக்கே வந்திருப்பார் என்று வழியெல்லாம் மனம் அரித்தது.

"லயத்து மழை மெசினப் பார்க்கவா போறீங்க?" என்று கேட்டார் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி.

"ஓம்."

"மிஸ் யாழ்ப்பாணமா? பேச்சுலயே தெரியுதுங்க. முந்தியும் ரெண்டு ஜீப்பு வந்துச்சு. போட்டோ புடிச்சாங்க, பேரு எழுதுனாங்க, போயிட்டாங்க. இப்பயாச்சும் வேற எடத்துல வீடு வருமாங்க?"

"தெரியாது தம்பி."

"தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க" என்றார். அதற்குப் பிறகு மரியாதையாக மெதுவாக ஓட்டினார்.

மத்தியானம் 12.00.

தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெண்ணின் தலையில்தான் வந்து விழும். தேயிலை மலைகள் மூன்று பக்கம், நாலாம் பக்கம் மண் தெரியும் செங்குத்தான சரிவு. சரிவின் மேலே மேட்டு லயம், கீழே பணிய லயம். பதினாறு குடும்பம் என்று கச்சேரியில் சொன்னது பணிய லயத்தை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினாறு காம்பராக்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டவைத்தது போல ஒரு சமையல் குசினி, குசினியின் முதுகில் மலை. முன் சுவர்களில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள், விரலால் தொட்டால் ஒட்டியது. மதிப்பீட்டாளர்கள் வருகிற செய்தி எங்களுக்கு முன்னே வந்து சேர்ந்துவிட்டது.

நாங்கள் போன நேரம் மத்தியானக் கொழுந்து நிறுவை. பெண்கள் சாக்குகளைத் தலையில் சுமந்து வரிசையாக வந்தார்கள். தோட்டத்தில் கொழுந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுக்கப்படும்: காலை, மத்தியானம், பின்னேரம். மூன்று கட்டைகளில் தொங்கிய தராசில் ஒரு சாக்கு ஏறியது. பதினான்கு கிலோ காட்டியது. கணக்கப்பிள்ளை "பன்னெண்டு" என்று எழுதினார்.

ருவன் என் முழங்கையைத் தொட்டு, "அந்த இரண்டு கிலோ எங்கே?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.

"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணுங்க" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல.

காலையிலிருந்து ஒரு துளி மழையில்லை. இலை காய்ந்துதான் கிடந்தது. சாக்கை இறக்கிய பெண் நகர்ந்தாள், அடுத்த பெண் தன் சாக்கை மாட்டினாள், பதினாறு காட்டியது, பதினான்கு விழுந்தது. யாரும் தராசைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் ஐந்தாவதாக நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க மிஸ், நான்தான் செல்வராணி. மழை எழுதுற ஆளு. இத நிறுத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காலில் அட்டை கடித்த தழும்புகள். கண் நேராகப் பார்த்தது. பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் கண்ணைத் தாழ்த்துவார்கள் என்பது சினிமாவில்தான், அதனால் அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

பிற்பகல் 1.30.

பிள்ளைக் காம்பராவில் கூட்டம். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறையில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டு இருபது பேர் உட்கார்ந்தார்கள். திட்டம் உங்களுக்குப் பயனுள்ளதா என்று ருவன் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். மாரியாயி என்ற வயதான தொழிலாளி எழுந்தார்.

"நாங்க செத்தாத்தானே இவங்க எழுதுற நம்பருக்கு மதிப்பு வரும்? அதுவரைக்கும் வந்து வந்து பார்த்துட்டுப் போவாங்க. கேட்டுச் சொல்லுங்க மிஸ், மண்ணு வந்தா எங்கள வெளிய எடுக்க எத்தன ஆளு அனுப்புவாங்கன்னு."

நான் ருவன் பக்கம் திரும்பி, "எண்கள் முக்கியம் என்கிறார்கள். மீட்புப் பணிக்கான ஏற்பாடு பற்றியும் அறிய விரும்புகிறார்கள்" என்றேன். ருவன் குறித்துக்கொண்டார். கூட்டத்தில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது என் தொழிலில் நல்ல பழக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பிற்பகல் 2.40.

செல்வராணியின் காம்பராவுக்குப் பின்னால், கீரைப் பாத்தி ஓரத்தில், ஒரு கட்டையில் மழைமானி இருந்தது. அளவுக்கோடு போட்ட ஒளி புகும் குழாய், அவ்வளவுதான். சுற்றி மூங்கில் வேலி. சற்றுத் தள்ளி ஒரு முள்முருங்கை மரம். கொப்பியைக் காட்டினார். அட்டைக்குப் பொலித்தீன் உறை, கோடு போட்ட பக்கங்கள், ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண்கள், கடைசியில் கூட்டுத்தொகை.

"ஏன் மூண்டு தரம்? காலமை ஒருக்கா பாத்தாப் போதும் எண்டெல்லோ திட்டத்தில இருக்கு?" என்று கேட்டேன்.

"கொழுந்து நிறுக்குற மாதிரிதாங்க. மூணு தரம் பார்த்து ஊத்திட்டா ரொம்பி வழியாது."

"தீபாவளிக்குமோ?"

"தீபாவளிக்கும் மழ பெய்யுதே மிஸ்" என்றார்.

நான் இன்னும் நம்பவில்லை. நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, மழை வந்தது. தகரத்தில் கல் கொட்டுவது போல விழுந்தது. காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடி ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். பக்கத்து வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையைப் பார்க்கவில்லை, தன் குசினியின் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை குறைந்ததும் செல்வராணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனார். பின்னாலேயே போனேன். குழாயில் தண்ணீர் முப்பத்தொன்றில் நின்றது. குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, முப்பத்தொன்று. செல்வராணியும் குனிந்து பார்த்தார், தண்ணீரை ஊற்றினார், இஸ்தோப்புக்கு வந்து கொப்பியைத் திறந்து எழுதினார்: 28.

பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை மறைக்க மாட்டேன்.

"முப்பத்தொண்டு எண்டு நானும் பாத்தன். ஏன் குறைச்சு எழுதினனீங்கள்?"

அவர் திடுக்கிடவில்லை. "கழிச்சேன் மிஸ்."

"என்னத்தைக் கழிச்சீங்கள்?"

"மரத்துலருந்து சொட்டுறது மழ இல்லீல்ல? அதுக்கு ஒண்ணு. பனிக்கு ஒண்ணு. குழா ஈரமா இருக்கும், அதுக்கு ஒண்ணு." விரல் மடக்கிச் சொன்னார். "எப்பவும் கழிச்சுத்தான் எழுதுவேன். இந்தக் குழாய மாட்டித் தந்த ஆபீஸ் சேர் மொத நாளே சொன்னாரு, லயத்து ஆளுக வீடு கெடைக்கும்னு கூட்டி எழுதுவீங்க, அப்படி எழுதுனா திட்டமே நின்னு போகும்னு. நான் ஒரு நாளும் கூட்டி எழுதலீங்க. சாமி சத்தியமா."

பொய்க்காரியைப் பிடிக்கப் போன இடத்தில், தன் உண்மைமீது ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று, பெய்த மழையிலேயே கழிவு போட்டு எழுதும் ஒருத்தியைக் கண்டேன். பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்க மலை ஏறியவர். பார்த்த நிறுவை எல்லாவற்றிலும் காட்டுவது ஒன்று, எழுதுவது ஒன்று. அளப்பது என்றால் அதுதான் என்று அவருக்குப் பழகியிருந்தது.

ருவனுக்குச் சொன்னேன். அவர் முகம் மாறியது. செல்வராணியின் கொப்பியை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். போன மாதத்தில் ஒரு பக்கத்தில் நின்றார். 29, 33, 29. கூட்டுத்தொகை 91.

"கச்சேரி அட்டவணையில் ஆகக் கூடியது எண்பத்திரண்டு. இங்கே தொண்ணூற்றொன்று இருக்கிறது" என்றார்.

அதே இடத்தில் நின்று பதுளைக்குப் போன் எடுத்தார். பொறுப்பாளர் அதே மரியாதையோடு பேசினார். ஆமாம், தோட்டத்திலிருந்து வரும் எண்ணில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்துத்தான் பதிகிறோம். அந்த ஆட்கள் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்கள், சரிப்படுத்த வேண்டாமா?

போனை வைத்த ருவன் அதை அப்படியே எனக்குச் சொன்னார்.

"நீங்கள் கொழும்பு அறிக்கையில் அந்த நாளுக்கு என்ன போட்டீர்கள்?" என்று கேட்டேன். வியாதி விடாது.

"எண்பது. மாவட்ட எண்களை நாங்கள் கீழ்ப்பத்துக்கு இறக்கிப் போடுவோம். மிகைப்படுத்துகிறோம் என்று வெளிநாட்டுக்காரர் நினைத்துவிடக் கூடாதென்று." சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் போல நிறுத்தினார்.

இதற்கிடையில் செல்வராணி கொப்பியில் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. மூன்று தடவையும் மூன்று மூன்று கழித்திருந்தார்.

"அப்ப அன்னிக்கு நூறா மிஸ்?"

நான் தலையசைத்தேன்.

"எழுபத்தஞ்சு தாண்டிடுச்சுன்னு எல்லாரும் மூட்ட கட்டி வச்சிருந்தோம். நூறு வருதா வருதான்னு பார்த்தோம். தொண்ணூத்தி ஒண்ணுதானேன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் உள்ள படுத்தாங்க." வரிசையின் கோடிப் பக்கம் கையைக் காட்டினார். "விடியக்காலம் கடேசிக் காம்பரா குசினிச் செவுரு விழுந்துச்சு. எங்க நாத்தனா வீடு. தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட எந்திரிக்கிற நேரம். அன்னிக்குக் காச்சல்னு எந்திரிக்காம படுத்திருந்துச்சு."

பிறகு அழுதார். சத்தமில்லாமல், கொப்பி நனையாதபடி அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒருவரைச் சந்தேகப்பட்டதற்காக என் வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

"இனிக் கழிக்காதேங்கோ" என்றேன். "குழாயில என்ன நிக்குதோ அதை அப்பிடியே எழுதுங்கோ. மரத்தில இருந்து சொட்டினாலும் அது உங்கட தலைக்கு மேல விழுகிற தண்ணிதானே."

என் தொலைபேசி எண்ணைக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொடுத்தேன்.

மாலை 6.15.

பசறையிலிருந்து பதுளைக்குத் திரும்பும் பஸ். ஹிங்குருகமை என்ற ஊரைத் தாண்டியபோது ருவன் தன் கணக்கைச் சொன்னார். எண்களை உள்ளபடி போட்டால், நூறு பெய்த நாளில் ஒருவரும் வெளியேறவில்லை என்று அட்டவணையே சொல்லிவிடும். எச்சரிக்கை தோற்றது என்று மதிப்பீட்டாளர்கள் எழுதுவார்கள். பரீட்சையில் அவருடைய பிரிவு தோற்கும். பணம் பழையபடி வெளியாட்கள் கை வழியாகவே வரும், அந்தப் பணத்தில் பணிய லயத்துக்கு வேறிடத்தில் கட்டவேண்டிய வீடு இன்னும் எத்தனையோ வருடம் தள்ளிப்போகும். இந்த இரண்டு வாரம் மட்டும் பழைய அட்டவணையைக் காட்டிவிட்டுப் பிறகு திருத்தினால் என்ன?

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நாட்டு நிறுவனத்தைப் பலப்படுத்துவது என்றால் கணினியும் பயிற்சியும் அட்டவணையும் என்றுதான் இந்த மாதிரிக் கூட்டங்களில் மொழிபெயர்த்து வந்திருக்கிறேன். பணிய லயத்திலிருந்து கொழும்பு வரை ஒவ்வொரு படியிலும் ஒரு நேர்மையான ஆள் இருந்தார். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவர் கூட்டிச் சொல்வார் என்றோ, மேலே இருப்பவர் தன்னை அப்படி நினைப்பார் என்றோ கொஞ்சம் கழித்தார். நூறு எண்பதாகிப் போய்ச் சேர்ந்தது.

"மாரியாயி என்ன சொன்னார் என்று நான் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை" என்றேன். பிறகு அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அவர் பழைய அட்டவணையைத்தான் காட்டுவார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

சனி, காலை 8.30.

இரவு முழுவதும் மழை விடவில்லை. நனைந்த உடுப்புகளோடு ரயில் ஏறினோம். ஹாலிஎல நிலையத்தில் வடை வாங்கினேன், நான்கு 240 ரூபா, நம்ப முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. ஆறு கலங்கி, செம்மண் நிறத்தில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வெள்ளவத்தையில் என் வீடு மூன்றாம் மாடி. அங்கே மழை என்றால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுப்பது, காலி வீதியில் பஸ் பிந்துவது, அவ்வளவுதான். இத்தனை வயதுக்கு, எவ்வளவு மழை பெய்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெய்ததா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ருவன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். திரையில் அந்த அட்டவணை. ரயில் ஏறியதிலிருந்து அதில் ஒரு கட்டத்தையும் தொடவில்லை.

தெமோதரை தாண்டியதும் என் போன் அடித்தது. தெரியாத எண்.

"மிஸ், செல்வராணி பேசுறேன்." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், யாரோ இருமினார்கள். "இஸ்கூல்ல இருக்கோம். எல்லாரும் வந்துட்டோம், பதினாறு வீடும். காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு முன்னாடியே பார்த்தேன். நேத்து பின்னேரத்தோட சேர்த்து நூத்தி நாலு. பெரட்டுக் களத்துல நின்னு கத்திச் சொன்னேன். கணக்கப்பிள்ள மொதல்ல சத்தம் போட்டாரு, அப்பறம் அவரே வந்து புள்ளைகளத் தூக்குனாரு. நூத்தி நாலு மிஸ். ஒண்ணும் கழிக்கல."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. சந்தோஷம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"வடிவா, சரியாத்தான் பாத்தனீங்களோ?"

பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நீங்களும் கழிக்கிறீங்களா மிஸ்?" என்றார் செல்வராணி. கோபமாகச் சொல்லவில்லை. கொழுந்துச் சாக்கை இறக்கிவைக்கும் களைப்போடு சொன்னார்.

"இல்லை" என்றேன். "இல்லை, செல்வராணி. நூத்தி நாலு. அப்பிடியே சொல்லுறன்."

ருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எண் என்று கண்ணாலேயே கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவருடைய விரல் விசைப்பலகைமீது போய் நின்றது. கீழே பள்ளத்தில் யாருடையதோ ஒரு மரக்கறித் தோட்டம் முழுதாகச் சரிந்து கிடந்தது தெரிந்தது.

"நிச்சயமா?" என்று கேட்டார்.

"எழுதுங்கள்" என்றேன். "அதை எழுதிவிட்டு, போன மாதத்து எண்பதையும் நூறாக்குங்கள்."